பேண்டுக்கு மேடை விளக்குகளை நாமே செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன இசை பேண்ட் நடத்துகிறவர்களும், நண்பர்களின் பேண்டுக்கு ஒத்தாசை செய்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. எங்கள் குழுவுக்குப் பல வருடமாக விளக்கு செய்து, சுமந்து, மாட்டி, கழற்றி வந்ததில் கற்றதை வைத்துப் பதில் சொல்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். விளக்கின் கூடு, வண்ணம், கட்டுப்பாடு எல்லாவற்றையும் நம் கையால் செய்யலாம். சுவர் பிளக்கில் வரும் கரண்ட் ஓடுகிற பகுதியை மட்டும், மூடிய நிலையில் தயாராக விற்பதையே வாங்க வேண்டும்.

வீட்டில் செய்த விளக்கு மேடைக்குப் போதுமா?

சிறிய அரங்கு, மாடி அறை, கல்லூரி வகுப்பறை அளவுள்ள இடம் என்றால் தாராளமாகப் போதும். வெளிச்சம் போதவில்லை என்று சொல்பவர்களின் விளக்குகளைப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் அவை தள்ளி நிற்கும். தூரம் இரண்டு மடங்கானால் ஆள்மேல் விழும் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். 6 மீட்டரில் நிற்கும் விளக்கை 3 மீட்டருக்குக் கொண்டுவந்தால், மூன்று விளக்கு கூடுதலாக வாங்கியதற்குச் சமம். அதனால் முதலில் ஸ்டாண்டை நகர்த்திப் பாருங்கள், வாட்ஸைக் கூட்டுவதை அப்புறம் யோசிக்கலாம்.

இன்னொன்று, மேடை பிரகாசமாகத் தெரிய வேண்டுமானால் சுற்றுப்புறம் இருட்டாக இருக்க வேண்டும். அரங்கின் குழல் விளக்குகளை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதைவிடப் பெரிய மேம்பாடு எதுவும் கிடையாது.

எத்தனை விளக்கு வேண்டும்? எங்கே வைப்பது?

நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு முன்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு என்று ஆரம்பிக்கலாம்.

முன் விளக்குகளின் வேலை முகத்தைக் காட்டுவது. பாடுபவருக்கு நேர் எதிரே வைத்தால் முகம் தட்டையாகிவிடும், அவர் கண்ணும் கூசும். இடமும் வலமும் சுமார் 45 டிகிரி விலக்கி, கண் மட்டத்துக்கு மேலே 30 முதல் 45 டிகிரி சாய்வில் வையுங்கள். இன்னும் உயரே போனால் கண்குழி கறுத்துவிடும். தொப்பி போட்ட பாடகர் என்றால் கொஞ்சம் இறக்கியே ஆக வேண்டும். நிறம் இதமான வெள்ளை போதும், பல்பின் அட்டையில் ஒளி நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் சுமார் 3000. பச்சையை முகத்தில் அடிக்காதீர்கள். யாராக இருந்தாலும் நோயாளி போலத் தெரிவார்கள்.

வண்ணத்தையெல்லாம் பின்னாலிருந்து கொடுங்கள். பின்னொளி தோளிலும் தலைமுடியிலும் ஒரு கோடு போடும். அந்தக் கோடுதான் ஆளைப் பின்திரையிலிருந்து பிரித்து முன்னால் நிறுத்துகிறது. பேண்ட் மேடையின் அழகில் பாதி பின்னொளி என்பது என் கருத்து.

டிரம்ஸ் வாசிப்பவரை மறந்துவிடாதீர்கள். முன் விளக்கு அவர்வரை எட்டாது, முன்னால் நிற்பவர்களின் நிழலும் அவர்மேல்தான் விழும். பக்கவாட்டிலிருந்து அவருக்கென்றே ஒரு விளக்கு ஒதுக்குங்கள். சிம்பல்களில் அந்த ஒளி பட்டுத் தெறிப்பது தனி அழகு.

முதல்முறை செய்கிறவர் எந்த விளக்கில் தொடங்கலாம்?

12 வோல்ட் பார் 36 எல்இடி பல்பை ஒரு தகர டப்பாவுக்குள் வைத்த விளக்கில் தொடங்குங்கள். பார் என்பது உள்ளே அலுமினியப் பூச்சுள்ள பரவளையப் பிரதிபலிப்பானைக் குறிக்கும். பக்கத்தில் உள்ள எண் பல்பின் முக விட்டத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளில் சொல்கிறது. 36ஐ 8ஆல் வகுத்தால் 4½ அங்குலம். பெரிய கச்சேரி மேடைகளில் காலம் காலமாகத் தொங்கிய பார் 64 விளக்கின் முகம் 8 அங்குலம். எண்ணைப் பார்த்தவுடன் எந்த டப்பா பொருந்தும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

பார் 36 பல்பின் பின்புறம் இரண்டு திருகு முனைகள் இருக்கும். 12 வோல்ட்டை அதில் கொடுத்தால் எரியும், ஹோல்டரே தேவையில்லை. வாங்கும்போது டிசி மின்சாரத்தில் வேலை செய்யுமா என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். 10 அல்லது 12 வாட் பல்பு போதும். வண்டிகளுக்கான 12 வோல்ட் எல்இடி வேலை விளக்கும் இதே வேலையைச் செய்யும்.

டப்பாவின் வாய் 5½ அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பல்பைச் சுற்றிக் காற்று போக அரை அங்குலமாவது வேண்டும். காலியான புது பெயிண்ட் டப்பா நல்ல தேர்வு. பெயிண்ட் இருந்த டப்பா வேண்டாம், சூட்டில் நாற்றம் வரும். அடிப்பக்கம் வட்டமாக எட்டு துளை போடுங்கள். துளையிட்டதும் ஓரத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு, விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். விரலை உரசுகிற ஓரம் வயரின் தோலையும் உரசும். வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் போட்டு, உள்ளே ஒரு கிளிப்பால் வயரை இறுக்கிப் பிடியுங்கள். வெளியே யாராவது வயரில் தடுக்கி இழுத்தாலும் அந்த இழுப்பு பல்பின் முனைக்குப் போகக்கூடாது.

உள்ளேயும் வெளியேயும் மட்டான கறுப்பு பெயிண்ட் அடியுங்கள். அடிக்குமுன் உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் இரண்டே நிகழ்ச்சியில் உரிந்துவிடும். உட்புறம் பளபளவென்று இருந்தால் ஒளி பக்கவாட்டில் சிதறிப் பார்வையாளர் கண்ணில் அடிக்கும்.

பிடிப்பதற்கு ஓர் அங்குல அகலமுள்ள அலுமினியப் பட்டையை ப வடிவில் வளையுங்கள். அதை டப்பாவின் நடுவில் பொருத்தத் தோன்றும், ஆனால் எடைச் சமநிலை அங்கே இருக்காது. பல்பைப் போட்ட பிறகு டப்பாவை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, எங்கே கட்டினால் கிடையாக நிற்கிறதோ அங்கே துளை போடுங்கள். பல் வாஷரும் விங் நட்டும் போட்டால் நிகழ்ச்சி நடுவே விளக்கு தலையைக் கவிழ்க்காது.

ஏன் 12 வோல்ட் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

கிதார் வாசிப்பவரின் கையை நினைத்துப் பாருங்கள். கம்பிகள் ஆம்ப்ளிஃபயர் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கும். ஒரு கை கம்பிமேல் இருக்கும்போது மறு கை, பழுதான விளக்கு கரண்ட் ஏற்றி வைத்திருக்கும் இரும்பு ஸ்டாண்டைத் தொட்டால், மின்சாரம் கையிலிருந்து கைக்கு நெஞ்சு வழியாகப் போகும். மற்ற இடங்களைவிடப் பேண்ட் மேடையில் கசிவு ஆபத்தானது என்பதற்கு இதுதான் காரணம். 12 வோல்ட்டில் அந்தக் கவலை இல்லை.

சுவர் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் அடாப்டர், லேப்டாப்புக்கு வருவது போல முழுக்க மூடிய பிளாஸ்டிக் வகையாக இருக்கட்டும். திருகு முனைகள் திறந்தபடி இருக்கும் இரும்புக்கூட்டு வகை பவர் சப்ளை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதை மேடைத் தரையில் வைத்தால் யாரோ ஒருவர் கை பட்டே தீரும். நான்கு 12 வாட் விளக்குக்கு 48 வாட், அதற்கு 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்று. ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் மிச்சம் வையுங்கள்.

12 வோல்ட் ஷாக் அடிக்காதே தவிர, தீ வைக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி பியூஸ் போடுங்கள். முக்கியமாக பேட்டரியில் ஓட்டும்போது பியூஸ் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

அப்புறம், 12 வோல்ட் வயருக்கு மைக் வயரில் வரும் மூன்று முனை இணைப்பைப் போடாதீர்கள். நாங்கள் போட்டிருந்தோம். ஒரு நாள் அரைகுறை வெளிச்சத்தில் விளக்கு வயர் மிக்சரின் மைக் துளைக்குள் போக இருந்தது, கடைசி நொடியில் பார்த்துத் தடுத்தோம். வேறு எதிலும் செருக முடியாத இரண்டு முனை இணைப்பாகத் தேடி வாங்குங்கள்.

இல்லை, சுவர் மின்சாரத்தில் எரியும் பல்பைத்தான் போடப் போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

என் பரிந்துரை அது இல்லை. அப்படியும் செய்வதென்றால் மூன்று கம்பி வயர், எர்த் முனையுள்ள பிளக், பீங்கான் ஹோல்டர் வேண்டும். உலோக டப்பா கட்டாயம் எர்த் ஆகியிருக்க வேண்டும். எர்த் கம்பியை வளைய முனையில் அழுத்திப் பொருத்தி, டப்பாவில் அந்த இடத்துப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, பல் வாஷர் வைத்து போல்ட்டால் இறுக்குங்கள். பெயிண்ட்மேல் இறுக்கினால் எர்த் இருப்பது போலத் தோன்றும், இருக்காது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் காலிலும் மறு முனையைப் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து அளந்தால் 1 ஓம்முக்குக் குறைவாகக் காட்ட வேண்டும்.

திருகு முனைக்குள் போகும் இழைக்கம்பிக்கு ஈயம் பூசாதீர்கள். பூசினால் கம்பி கெட்டியாகத் தெரியும். ஆனால் ஈயம் திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், சில மாதத்தில் திருகு தளர்ந்து அந்த இடம் சூடாகும். அதற்குப் பதில் ஃபெரூல் எனும் சின்ன உலோகக் குழாயைக் கம்பி நுனியில் மாட்டி நசுக்கி, அதைத் திருகுங்கள்.

எல்லா விளக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவில் தானாக அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச் வழியாகவே போகட்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் அழுத்திப் பாருங்கள். இந்த வேலையில் பழக்கம் இல்லை என்றால், முடித்ததை ஒரு எலெக்ட்ரீஷியனிடம் காட்டி விட்டு மேடைக்குக் கொண்டுபோங்கள்.

பழைய ஹாலஜன் விளக்குகள் கிடைக்கின்றன. பயன்படுத்தலாமா?

ஒளியின் குணம் அழகுதான், அதில் சந்தேகமே இல்லை. தோல் நிறம் ஹாலஜனில் தெரிவது போல மலிவான எல்இடியில் தெரியாது. எல்இடி வாங்கும்போது, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் உள்ளதைத் தேடினால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

சூடுதான் சிக்கல். ஹாலஜன் பல்பின் சுவர் 250 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் அதன் உள்வினையே சரியாக நடக்கும். திரையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், பிளாஸ்டிக் டேக் எதையும் அருகில் கட்டக்கூடாது. பல்பைக் கையால் தொட்டால் விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சூடு ஏறி உடையும் வாய்ப்பு உண்டு, துணியால் பிடியுங்கள். நான் ஹாலஜனை விட்டு எல்இடிக்கு வந்து வருத்தப்பட்டதில்லை.

வண்ணத்துக்குக் கடையில் விற்கும் பளபளப்பான வண்ணத் தாள் போதாதா?

எல்இடிக்கு முன்னால் ஒரு மாலைப்பொழுது தாக்குப்பிடிக்கும். ஹாலஜன் முன்னால் சுருங்கும், உருகும், பற்றிக்கொள்ளவும் செய்யும். மேடை விளக்குக்கென்று விற்கும் ஜெல் தாள் பாலியெஸ்டர் அல்லது பாலிகார்பனேட்டால் ஆனது, சூட்டைத் தாங்கும். முற்காலத்தில் உண்மையிலேயே ஜெலட்டினில் செய்தார்கள், அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

ஜெல் தாள் ஒளிக்கு வண்ணம் சேர்ப்பதில்லை, மற்ற வண்ணங்களைத் தடுத்து நிறுத்துகிறது. அடர் நீலத் தாள் வெள்ளொளியில் நூற்றுக்குச் சில பங்கைத்தான் வெளியே விடும். அதனால் நீலத்துக்கு வெளிச்சமே இல்லை என்று எல்லோரும் புலம்புவார்கள். நீலம் வேண்டுமானால் நீல எல்இடியையே போடுங்கள், அது நேராக நீலத்தையே தருகிறது. ஜெல் தாளை முன் விளக்கில் லேசான ரோஸ், லேசான ஆம்பர் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிதார்க்காரரின் சிவப்பு கிதார் முழு நீல ஒளியில் கறுப்பாகத் தெரிந்த அன்றுதான் இது எனக்கு உறைத்தது. சிவப்புப் பூச்சுக்குத் திருப்பி அனுப்பச் சிவப்பு ஒளி வேண்டும். மேடையில் யார் என்ன உடை, என்ன நிறக் கருவி என்று கேட்டுவிட்டு வண்ணத்தை முடிவு செய்யுங்கள்.

பின்னொளிக்கு எல்இடி ஸ்ட்ரிப்பில் பட்டை விளக்கு செய்வது எப்படி?

ஒரு மீட்டர் அலுமினியச் சேனலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ள ஸ்ட்ரிப்பை ஒட்டி, மேலே பால் நிற மூடி போட்டால் ஒரு பட்டை தயார். அலுமினியம் வெறும் அழகுக்கு இல்லை, சூட்டை இழுக்கத்தான். மரச்சட்டத்தில் ஒட்டினால் ஸ்ட்ரிப்பின் ஆயுள் குறையும். ஒட்டுமுன் சேனலை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 வகை, முழு வெள்ளையில் மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும், 12 வோல்ட்டில் 1.2 ஆம்பியர். நான்கு பட்டைக்கு 4.8 ஆம்பியர். இதுவரை சுலபம். பலரும் தடுமாறுவது வயரில்தான். மெல்லிய 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 மீட்டர் தள்ளி நான்கு பட்டையையும் இணைத்தால், போக வர 20 மீட்டர் கம்பி, முக்கால் ஓம் மின்தடை. 4.8 ஆம்பியர் ஓடும்போது மூன்றரை வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும்.

அதன் அடையாளம் விசித்திரமாக இருக்கும். வெளிச்சம் குறைவதோடு வெள்ளை சிவப்பாக மாறும். ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்இடிகள் வரிசையாக இருக்கின்றன. நீலத்துக்கும் பச்சைக்கும் ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வோல்ட், மூன்றுக்கு 9 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 வோல்ட் வீதம் 6 போதும். வோல்ட் இறங்கும்போது நீலமும் பச்சையும் முதலில் மங்க, சிவப்பு மட்டும் தெம்பாக நிற்கும். ஸ்ட்ரிப் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு மாறினால் இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழே வரும். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் 24 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்குங்கள், அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர்தான் ஓடும்.

மங்கவும் பிரகாசமாக்கவும் என்ன வழி?

எல்இடியை மங்கவைப்பது என்றால் வோல்ட்டைக் குறைப்பது இல்லை. நொடிக்குப் பல நூறு முறை அணைத்து எரியவைத்து, எரியும் நேரத்தைக் குறைப்பது. இதைத்தான் பிடபிள்யூஎம் என்கிறார்கள். நாம் எழுதும் நிரலை ஓட்டும் சின்ன மின்னணுப் பலகையான ஆர்டுயினோ ஒன்று, ஒவ்வொரு வண்ணத்துக்கும் மின்னணு சுவிட்சாக வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட், அவ்வளவுதான். ஸ்ட்ரிப்பின் பொதுமுனை நேராக பிளஸ்ஸில் இருக்கும், ஒவ்வொரு வண்ணத்தின் மைனஸ் வழியையும் மாஸ்ஃபெட் திறந்து மூடும். மாஸ்ஃபெட்டைத் திறக்கச் சொல்லும் கேட் முனையில் தொடராக 150 ஓம் சுமாருக்கு ஒரு ரெசிஸ்டர், கேட்டுக்கும் மைனஸுக்கும் இடையே 10 கிலோ ஓம். இந்த இரண்டாவதைப் போடாவிட்டால் பலகை விழித்துக்கொள்ளும்வரை விளக்குகள் இஷ்டத்துக்கு எரியும்.

மாஸ்ஃபெட் வாங்கும்போது ஒரு எழுத்தைக் கவனியுங்கள். ஐஆர்எல்இசட்44என் வாங்க வேண்டும், ஐஆர்எஃப்இசட்44என் வேண்டாம். முதலாவது 5 வோல்ட் கேட்டில் முழுதாகத் திறக்கும். இரண்டாவது 10 வோல்ட் எதிர்பார்க்கும், 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து கொதிக்கும்.

முன் விளக்கில் போட்ட பார் 36 பல்புக்குள் தனியாக ஒரு டிரைவர் இருப்பதால் இந்த முறையில் அது ஒழுங்காக மங்காது, துடிக்கும். முன் விளக்கு நிலையாக எரியட்டும். இரண்டிரண்டாகப் பிரித்து சுவிட்ச் போட்டால் பாதி, முழுது என்று இரண்டு அளவு கிடைக்கும்.

பழைய நாடக அரங்குகளில் உப்பு நீர் ஜாடிக்குள் உலோகத் தகடுகளை ஏற்றி இறக்கி விளக்கை மங்கவைத்தார்கள். தகடுகள் நெருங்கினால் வெளிச்சம், விலகினால் மங்கல். தண்ணீர் சூடேறி ஆவி கிளம்பும், தொட்டால் உயிர் போகும். அப்படிப்பட்ட காலத்தில் பின்னணியில் நின்று வேலை செய்தவர்களை நினைத்தால் எனக்குப் பெரும் மரியாதை. நாம் அதைச் செய்து பார்க்க வேண்டியதில்லை.

கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, வீடியோவில் மட்டும் கோடு கோடாக ஓடுகிறதே?

ஆர்டுயினோ ஊனோவின் பெரும்பாலான முனைகளில் துடிப்பு நொடிக்கு சுமார் 490. கண் அதைப் பிடிக்காது, செல்போன் கேமரா வரி வரியாகப் படிப்பதால் பிடித்துவிடும். பலகைக்குள் இந்தத் துடிப்பை உண்டாக்கும் கடிகாரங்களான டைமர் 1, டைமர் 2 இரண்டின் வகுப்பானை (வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணை) நிரலில் மாற்றினால் 9, 10, 3, 11 ஆகிய முனைகளில் 3,900க்கும், இன்னும் வேண்டுமானால் 31,000க்கும் மேல் கொண்டுபோகலாம். டைமர் 0வைத் தொடாதீர்கள். நிரலில் நேரக் கணக்கெல்லாம் அதை நம்பித்தான் ஓடுகிறது. என் விளக்குகள் 3,900இல் ஓடுகின்றன, வீடியோ சுத்தமாக வருகிறது, மாஸ்ஃபெட்டும் சூடாவதில்லை.

விளக்கைப் போட்டதும் கிதாரில் இரைச்சல் வருகிறது. ஏன்?

இசைக்காகத்தான் விளக்கு, அதனால் இந்தக் கேள்வியை நான் மற்றவற்றைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

கிதாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப் ஒரு ஆன்டெனா மாதிரி. சுவரில் பொருத்தும் சாதாரண டிம்மரில் உள்ள டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச், மின்னலையை ஒவ்வொரு அரைச்சுற்றிலும் நடுவில் வெட்டித் திறக்கிறது. அந்தத் திடீர் தாவல்தான் ஸ்பீக்கரில் முணுமுணுப்பாகக் கேட்கும். பாதி வெளிச்சத்தில் அது உச்சத்தில் இருக்கும். பிடபிள்யூஎம் ஓடும் நீளமான வயரும் அதே வேலையைச் செய்யும்.

விளக்குக்கும் ஒலிக்கும் வெவ்வேறு பிளக் வழிகள் எடுங்கள். விளக்கு வயரும் கிதார் வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடக்கூடாது, கடந்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். பிளஸ், மைனஸ் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள், பாதித் தொல்லை அங்கேயே போய்விடும். சோதிக்கும்போது கிதார் ஒலியைக் கூட்டி வைத்து, யாரும் வாசிக்காமல், எல்லா விளக்கையும் பாதி வெளிச்சத்தில் வையுங்கள். அப்போது அமைதியாக இருந்தால் நிகழ்ச்சியிலும் அமைதிதான்.

இரைச்சல் போகிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் காலை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இரைச்சலைக் குறைக்க ஒலி வழியில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், கிதாரை மிக்சரோடு இணைக்கும் டிஐ பெட்டியில் அதற்கென்றே ஒரு சுவிட்சும் உண்டு. எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயர் பழுதானால் உயிருக்கே ஆபத்து.

டிஎம்எக்ஸ் கட்டாயம் வேண்டுமா?

எட்டு விளக்குக்கு வேண்டாம். டிஎம்எக்ஸ் 512 என்பது 1986இல் அமெரிக்க அரங்கத் தொழில்நுட்பச் சங்கம் உருவாக்கிய பொது மொழி. ஒரே வயரில் 512 வழிகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஒரு எண். பின்னால் கடையில் வாங்கும் விளக்குகளோடு உங்கள் விளக்கும் சேர்ந்து ஆட வேண்டுமானால் அப்போது சேர்த்துக்கொள்ளலாம். ஆர்டுயினோவோடு மேக்ஸ்485 சில்லு ஒன்று போதும், வரிசையின் கடைசியில் 120 ஓம் ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள்.

தொடக்கத்துக்குக் காலால் மிதிக்கும் நான்கு சுவிட்ச் போதும். நான்கு காட்சிகளை நிரலில் எழுதி வைத்து, பேஸ் வாசிப்பவர் மிதிக்கட்டும். மிதி சுவிட்சில் ஓடுவது ஆர்டுயினோவின் 5 வோல்ட்டாகவே இருக்கட்டும், சுவர் மின்சாரம் ஒருநாளும் காலடியில் வரக்கூடாது.

இசைக்குத் தானாக ஆடும் விளக்கு செய்யலாமா?

செய்யலாம். பேஸ் ஒலிக்குச் சிவப்பு, நடு ஒலிக்குப் பச்சை, உச்ச ஒலிக்கு நீலம் என்று பிரிப்பது பழைய முறை. ஒலியை மைக் வழியாக எடுங்கள், ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் வயர் கட்டாதீர்கள். ஆனால் இரண்டாவது பாட்டிலேயே அது அலுத்துவிடும் என்பது என் அனுபவம். எல்லாத் தட்டுக்கும் துடிக்கும் விளக்கு எதையும் சொல்வதில்லை. பாட்டை அறிந்த ஒருவர், பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு முறை மாற்றினால் அரங்கே நிமிர்ந்து உட்காரும்.

ஸ்ட்ரோப், கறுப்பொளி, லேசர், புகை?

ஸ்ட்ரோப் நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் போக வேண்டாம், சில நொடிக்கு மேல் தொடரவும் வேண்டாம். வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு ஒளித்துடிப்பே வலிப்பைத் தூண்டும். நுழைவாயிலில் ஓர் அறிவிப்பு வையுங்கள்.

வெள்ளை உடையை இருட்டில் ஒளிரச் செய்யும் புற ஊதா விளக்கான கறுப்பொளிக்கு யுவி-ஏ வகை மட்டும். கிருமி நாசினி யுவி-சி குழலும் வடிவத்தில் அதே மாதிரி இருக்கும், கண்ணையும் தோலையும் எரித்துவிடும். வாங்கும்போது வகையைப் படித்துப் பாருங்கள்.

லேசரை நாமே கட்டிப் பார்வையாளர் பக்கம் திருப்ப வேண்டாம். விழித்திரை பாதிக்கப்பட்டால் திரும்ப வராது.

புகை இயந்திரத்தை அதற்குரிய திரவத்தோடு கடையில் வாங்குங்கள். அரங்கில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தலைக்கு மேலே தொங்கவிடலாமா?

இலேசானதை மட்டும், இரண்டு பிடிப்போடு. ஒரு பிடிப்பு கிளாம்ப். இன்னொன்று விளக்கின் உடலைச் சுற்றிக் குழாயோடு கட்டிய எஃகுக் கம்பிக் கயிறு. கிளாம்ப் விட்டுப்போனாலும் கம்பி பிடிக்க வேண்டும். கம்பியில் தொய்வு அதிகம் வைக்காதீர்கள், விளக்கு விழுந்து நிற்கும் தூரம் கூடக் கூட அடியும் கூடும். நைலான் கயிறும் பிளாஸ்டிக் டேக்கும் இதற்கு ஆகாது.

ஸ்டாண்டில் வைத்தால் காலை முழுதாக விரித்து, அடியில் மணல் மூட்டை வையுங்கள். வயரை ஸ்டாண்டின் காலில் ஒரு சுற்று சுற்றித் தரையோடு டேப் ஒட்டினால், யார் தடுக்கினாலும் இழுப்பு மேலே போகாது.

அரங்கின் ஒரு பிளக்கில் எவ்வளவு போடலாம்?

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். நம் எட்டு விளக்கும் சேர்ந்து 106 வாட் சுமார். 230 வோல்ட் ஊரில் அரை ஆம்பியர், 120 வோல்ட் ஊரில் ஒரு ஆம்பியர். பழைய 1000 வாட் பார் 64 நான்கை ஏற்றினால் முறையே 17, 33 ஆம்பியர் கேட்கும். ஒரு காலத்தில் விளக்கு போட்டாலே அரங்கின் பியூஸ் போனதற்குக் காரணம் இதுதான். நீட்டிப்பு வயர் உருளையில் சுற்றியிருந்தால் முழுதாகப் பிரித்துவிட்டே பயன்படுத்துங்கள். சுற்றியபடி அதிக ஆம்பியர் ஓடினால் உள்சுற்றுகள் சூடேறி உருகும்.

திறந்தவெளியில்?

மழை வரும் வாய்ப்பு இருந்தால் அடாப்டர்கள் கூரைக்குக் கீழே, தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும். ஸ்ட்ரிப் தூசியும் தண்ணீர்ச் சாரலும் புகாத ஐபி65 வகையாக இருக்கட்டும். டப்பா விளக்கின் துளைகளில் மழைத் தண்ணீர் இறங்கும், அதனால் தூறல் தொடங்கியதும் அணைத்து மூடிவிடுவேன்.

நிகழ்ச்சிக்குக் கூடவே என்ன எடுத்துப்போக வேண்டும்?

கூடுதலாக ஒரு அடாப்டர், ஒரு பல்பு, இரண்டு வயர். மல்டிமீட்டர், தலையில் மாட்டும் டார்ச், திருப்புளி, துணி டேப், நிறைய விங் நட்டு. எல்லா வயரின் இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய வெள்ளை டேப். உதிரி பியூஸ்களைச் சின்னப் பையில் போட்டு, பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பையின்மேல் எந்த விளக்குக்கு எத்தனை ஆம்பியர் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தால், நீங்கள் மேடையின் மறு கோடியில் மாட்டிக்கொண்டிருக்கும்போதும் இன்னொருவர் சரியானதை எடுத்து மாற்றிவிடுவார்.